மார்பகப் புற்றுநோயும் மகளிர் தொண்டும்

(ஆலயத் திருவிழாவையொட்டி மகளிர் பகுதியினரின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா நெருங்கும்போது ஆலயத்தின் பின்கட்டிலுள்ள சமையற்கூடம் விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும். தேங்காய் துருவுவோர் ஒரு பக்கம், காய் நறுக்குவோர் ஒரு பக்கம், மண்டபத்தின் ஓரமாகப் பூத்தொடுப்போர் ஒரு பக்கம் என்று இருபது முப்பது பெண்கள் கூடியிருப்பர். ஆண்டுதோறும் கூடும் அந்தக் கூட்டத்தில் ஓராண்டு ஒருவரைக் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். "அந்த அக்கா எங்கே?" என்று ஒருவர் கேட்பார். "உடம்புக்கு முடியவில்லையாம்" என்று மற்றொருவர் விடை சொல்வார். என்ன நோய் என்று மூன்றாமவர் கேட்டால் குரல் தாழ்ந்துவிடும். ஒரு கை மெல்ல நெஞ்சருகே சென்று திரும்பும். நோயின் பெயர் சொல்லப்படாமலேயே பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்நேரத்தில் அந்த அக்கா தம் வீட்டில் சன்னலைச் சாத்திக்கொண்டு, யாரும் வந்துவிடக் கூடாதே என்றும், ஒருவரும் வரவில்லையே என்றும் ஒரே மனத்தில் இரண்டு எண்ணங்களோடு அமர்ந்திருப்பார்.

இவ்வுரை அந்த அக்காவைப் பற்றியது. அவர் வீட்டு வாசற்படியை ஏற வேண்டிய மற்ற பெண்களைப் பற்றியதும் ஆகும். மருத்துவரின் பணியை மருத்துவர் செய்வார். ஆயினும், மருத்துவமனைக்கு வரத் துணிவதற்கும், வந்தபின் சிகிச்சையை இடையில் விட்டுவிடாமல் முடிப்பதற்கும், முடித்தபின் மீண்டும் மனிதர் நடுவே வந்து அமர்வதற்கும் வேண்டிய துணை மருத்துவமனையில் கிடைப்பதன்று. அந்தத் துணையைச் சில பெண்கள் எவ்வாறு ஓர் ஒழுங்கான தொண்டாக ஆக்கினார்கள், ஜொகூரில் ஓர் ஆலயத்து மகளிர் பகுதி அதனை எவ்வாறு செய்யக்கூடும் என்பனவே இங்குச் சொல்லப்பெறுவன.

முதலில் நோயின் நிலையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையின்படி, இந்நாட்டுப் பெண்களுள் 27 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். அன்னதானப் பந்தியில் ஒரு வரிசையில் அமரும் பெண்களின் தொகை ஏறத்தாழ அவ்வளவுதான். அதே அறிக்கை மற்றொன்றையும் சொல்கிறது: நோய் கண்டறியப்பெறும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம் நிலையிலோ நான்காம் நிலையிலோதான் மருத்துவரிடம் வந்து சேர்கின்றனர்.

இந்தக் காலதாமதத்திற்கு என்ன விலை கொடுக்கப்படுகிறது என்பதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பெற்றவர்களைப் பின்தொடர்ந்து சுகாதார அமைச்சு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் நிலையில் வந்தவர்களுள் நூற்றுக்கு 87 பேர்க்குமேல் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிர்வாழ்ந்தனர். இரண்டாம் நிலையில் அது ஏறத்தாழ 81. மூன்றாம் நிலையில் 60. நான்காம் நிலையில் 23 மட்டுமே. நாடு ஒன்று, மருத்துவமனைகள் அவையே, மருந்தும் அதுவே. வந்து சேர்ந்த காலம்தான் வேறு.

ஏன் தாமதிக்கிறார்கள்? அறியாமை என்ற ஒரு சொல்லால் இதற்கு விடை சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. தொடக்கத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாத ஒன்றுக்காகச் சம்பளத்தை இழந்து மருத்துவமனையில் காத்திருக்க வேண்டுமா என்று, அன்றாடச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண் எண்ணுகிறாள். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பாரே என்ற கூச்சம் வேறு. கத்தி பட்டால் நோய் உடம்பெங்கும் பரவிவிடும் என்று யாரோ சொன்ன சொல், எண்ணெய் தடவினால் கரைந்துவிடும் என்று மற்றொருவர் சொன்ன சொல், இவற்றுக்கிடையே ஆறு மாதங்கள் ஓடிவிடுகின்றன. பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், தீபாவளி கழியட்டும், திருவிழா முடியட்டும் என்று நாள் தள்ளிப் போடும் தாய்மார்கள் பலர். குடும்பத்துக்காக எதையும் விட்டுக்கொடுக்கப் பழகிய பெண் தன் உடம்பையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறாள்.

இவை அனைத்தினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. திருமண வயதில் மகள் இருக்கும் வீட்டில் தாய்க்கு இந்நோய் என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்ற அச்சம் அது. இந்த அச்சத்தை வளர்ப்பவர்கள் எவரென்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பந்தியிலும் மண்டபத்திலும் பேசப்படும் பேச்சே அதற்கு வேர். உண்மையில், மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே பரம்பரையாக வரும் மரபணுக் கோளாற்றால் உண்டாகின்றன. எஞ்சிய பெரும்பான்மைக்கும் குடும்பக் குருதிக்கும் அத்தகைய நேர்த்தொடர்பு கிடையாது. இது தொற்றுநோயும் அன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதாலோ பரவுவதில்லை.

ஜொகூர் மாநிலத்தில் தொலைவும் ஒரு தடையாக நிற்கிறது. இம்மாநிலத்து அரசு மருத்துவமனைகளுள் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குரிய மையமாக விளங்குவது ஜொகூர் பாருவிலுள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை. சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். மெர்சிங்கிலிருந்து 130 கிலோமீட்டருக்குமேல். கதிர்வீச்சுச் சிகிச்சையோ ஒருநாளில் முடிவதன்று. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஐந்து வாரங்கள் வரை தொடர்ந்து செல்ல வேண்டும். கதிர் படும் நேரம் சில நிமிடங்களே. அதற்காக ஒரு தோட்டத்துப் பெண் எத்தனை மணி நேரம் பேருந்தில் அமர வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கணவர் விடியுமுன்னே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றுவிடும் வீடுகளில், அவளை அழைத்துச் செல்ல ஆளே இருப்பதில்லை.

இத்தகைய நிலைமை இங்கு மட்டும் உள்ளதன்று. பெரிய நகரங்களிலும் செல்வமிக்க நாடுகளிலும் இதே தனிமை இருந்தது. அதற்கு மாற்றைக் கண்டவர்களும் நோயுற்ற பெண்களேயாவர். அமெரிக்காவில் நியூயார்க் நகரில் வாழ்ந்த தெரீஸ் லாசர் என்ற அம்மையாருக்கு 1952-இல் மார்பக அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. கணக்குவழக்குத் துறையிலிருப்போர் அறிந்த வருமான வரி வழிகாட்டி நூலை எழுதிய ஜே.கே. லாசரின் மனைவி அவர். பணத்துக்கோ மருத்துவ வசதிக்கோ குறைவில்லை. அக்காலத்து அறுவைச் சிகிச்சை மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் கணுக்களையும் சேர்த்து அகற்றிவிடும் கடுமையான முறையாக இருந்தது. கண்விழித்த அம்மையாருக்குக் கேள்விகள் பல இருந்தன. கையை எப்போது தூக்கலாம்? எந்த ஆடையை எவ்வாறு உடுத்துவது? கணவர் முகத்தில் எப்படி விழிப்பது? மருத்துவர்கள் திறமைமிக்கவர்கள்தாம், ஆயினும் இக்கேள்விகளுக்கு அவர்களிடம் விடையில்லை. அவை மருத்துவத்தில் சேராத கேள்விகள் என்றே அவர்கள் எண்ணினர்.

உடல் தேறியதும் லாசர் அம்மையார் ஒரு பையை எடுத்துக்கொண்டு, தம்மைப்போல் அறுவைச் சிகிச்சை பெற்ற பெண்களின் படுக்கையருகே செல்லத் தொடங்கினார். அந்தப் பையில் ஒரு சிறு ரப்பர்ப் பந்து, ஒரு கயிறு, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வதற்கான மென்மையான தற்காலிக மார்பு ஆகியவை இருந்தன. பந்தை அழுத்தியும் கயிற்றைக் கதவின்மேல் போட்டு இழுத்தும் கையின் வலுவை மீட்கலாம் என்று செய்து காட்டினார். அழைப்பில்லாமல் நுழையும் இந்த அம்மையாரைக் கண்டு மருத்துவர்கள் சிலர் எரிச்சலுற்றனர். சில இடங்களில் அவர் வெளியேற்றப்பட்டதும் உண்டு. அவர் விடவில்லை. அவர் பையைவிட, அவர் நேராக நிமிர்ந்து நல்ல உடையுடுத்தி வந்து நின்ற காட்சியே படுக்கையிலிருந்த பெண்களுக்குப் பெரிய மருந்தாயிற்று எனலாம். "மீட்சியை எட்டுதல்" என்று பொருள்படும் பெயரோடு வளர்ந்த அவ்வியக்கத்தை 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஏற்றுக்கொண்டது. 1974-இல் பிரான்சின் திமதி என்ற அம்மையார் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார். இன்று பல நாடுகளில் அது நடைபெறுகிறது. அதன் விதி மிக எளியது: இந்நோயைக் கடந்துவந்த பெண்தான் புதிதாக நோயுற்ற பெண்ணைப் பார்க்கச் செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கொப்ப நிகழ்ந்த ஒன்றும் பெண்கள் சங்கத்திலிருந்தே பிறந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் பலர் அறிவர். அது ஒரு மகளிர் சங்கத்தின் தொண்டு என்பதைச் சிலரே நினைவில் வைத்திருக்கின்றனர். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாயிருந்த காலத்தில் மருத்துவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை அவர் மூன்று பத்தாண்டுகள் நெஞ்சில் சுமந்தார். குணப்படுத்த முடியாத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று அதிகாரத்திலிருந்தோர் கேட்ட காலத்தில், இந்திய மாதர் சங்கத்தின் வழியாக ஊர்ஊராக நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18-ஆம் நாள் 12 படுக்கைகளோடு சிறிய கட்டடத்தில் மருத்துவமனை தொடங்கியது. முத்துலட்சுமி அம்மையாருக்கு அப்போது வயது 67. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர். சாந்தா அம்மையார் 2005-இல் மகசேசே விருது பெற்றார். 2021 சனவரி 19-ஆம் நாள் மறையும்வரை அம்மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்தார். சகோதரியை இழந்த ஒரு பெண், நிதிப்பெட்டியோடு வாசல் வாசலாகச் சென்ற வேறு பெண்கள் என்பதே அதன் தொடக்கம். ஆலயத் திருப்பணிக்கு நிதி திரட்டிப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

மலேசியாவுக்கு வருவோம். தேசியப் புற்றுநோய்ச் சங்கம் 1966-இல் தோன்றியது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் முன்னின்று நடத்தும் மலேசிய மார்பகப் புற்றுநோய் நல்வாழ்வுச் சங்கம் 1986-இல் அமைந்தது. அதன் தலைவராயிருந்த ரஞ்சித் கவுர் அம்மையார், லாசர் அம்மையார் தொடங்கிய அந்த இயக்கத்தின் அனைத்துலக அமைப்புக்கே தலைவரானார் என்பது இந்நாட்டுப் பெண்கள் பெருமைப்படத்தக்கது. அக்காலத்தில் இந்நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. பிரதமராயிருந்த துன் அப்துல்லா அகமட் படாவியின் துணைவியார் எண்டோன் மகமூட் 2005 அக்டோபர் 20-ஆம் நாள் இந்நோயால் மறைந்தபோது நாடே அறிந்து வருந்தியது. அவருடைய இரட்டைச் சகோதரியும் அதற்கு முன்பே இந்நோய்க்கு இரையானவர். பிரதமர் இல்லத்துக்குள்ளும் நுழைந்த நோய் தங்களுக்கு வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அன்று பல பெண்கள் தெளிந்திருக்கக்கூடும்.

அண்மைக்காலத்தில் கிள்ளான் நகரில் நடைபெற்றதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியர்கள் மிகுதியாக வாழும் அந்நகரின் தெங்கு அம்புவான் ரஹிமா அரசு மருத்துவமனையில், மலேசியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் நோயாளிகளுக்கு வழிகாட்டும் திட்டமொன்றைத் தொடங்கியது. இதன் மூலம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1990-இல் டாக்டர் ஹெரால்ட் ஃப்ரீமன் ஏற்படுத்திய முறையாகும். ஏழைக் கறுப்பினப் பெண்கள் மிகுந்த ஹார்லெம் மருத்துவமனையில், 1964 முதல் 1986 வரை சிகிச்சைக்கு வந்த மார்பகப் புற்றுநோயாளிகளுள் நூற்றுக்கு 39 பேரே ஐந்தாண்டு வாழ்ந்தனர். குறைந்த செலவிலான பரிசோதனையும், ஒவ்வொரு பெண்ணின் கையையும் பிடித்து அழைத்துச் செல்லும் வழிகாட்டியரும் ஏற்பட்டபின், 1995 முதல் 2000 வரை வந்தவர்களுள் அது 70 ஆக உயர்ந்தது.

கிள்ளானிலும் வழிகாட்டியர் செய்தவை பெரிய அற்புதங்கள் அல்ல. பரிசோதனை நாளை நினைவூட்டினார்கள். வராதவரைத் தொலைபேசியில் அழைத்து ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். மருத்துவர் சொன்னதைப் புரியும் மொழியில் மீண்டும் சொன்னார்கள். போக்குவரத்துக்குப் பணமில்லையென்றால் உதவிக்கு வழிதேடினார்கள். திட்டம் வருவதற்கு முந்திய ஆண்டில் நோய் கண்டறியப்பெற்ற பெண்களுள் நூற்றுக்கு 11.5 பேர் சிகிச்சையை விட்டு விலகினர். திட்டத்தின் துணை பெற்றவர்களுள் அது 4.4 ஆகக் குறைந்தது. ஒரு தொலைபேசி அழைப்பும், ஒரு விளக்கமும், பேருந்துக் கட்டணமும் செய்த வேலை இது. இவற்றுள் எதனை ஓர் ஆலயத்து மகளிர் பகுதி செய்ய இயலாது?

இனி, தொண்டு செய்ய முன்வரும் பெண் அறிய வேண்டியவற்றைப் பார்ப்போம். அவள் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்கிறாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லப்படுவது நோயாளிக்குப் புரியாதபோது தமிழில் எடுத்துரைக்கிறாள். கேட்க வேண்டிய கேள்விகளை முதல்நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறாள். அச்சத்தில் இருப்பவரின் காதில் பாதிச் சொற்களே விழும் என்பதால், மருத்துவர் சொன்னவற்றைக் குறித்துக்கொள்வதே பேருதவி. ஆனால் அவள் மருத்துவம் சொல்லலாகாது. எந்த இலை நல்லது, எந்தக் கஷாயம் கட்டியைக் கரைக்கும் என்று ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து வரக்கூடாது. தொண்டின் பெயரால் செய்யப்படும் மிகப் பெரிய தீங்கு அதுவே.

கீமோ மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரங்களில் குருதியின் வெள்ளணுக்கள் குறைந்து, தொற்றை எதிர்க்கும் ஆற்றல் தாழ்ந்திருக்கும். அந்நாள்களில் திருவிழாக் கூட்டத்துக்கு நோயாளியை வற்புறுத்தி அழைத்து வருவது அன்பாகாது. வெட்டி வைத்து நெடுநேரமான பழங்களும், மூடாத பாத்திரத்தில் இருந்த பிரசாதமும் அவருக்கு ஆகா. அப்போதுதான் சமைத்த சூடான உணவை மூடி எடுத்துச் செல்லலாம். காய்ச்சல் 38 பாகை செல்சியசை எட்டினால் மறுநாள் காலை வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நள்ளிரவானாலும் காரோட்ட ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி அவ்வீட்டுக்கு இருக்க வேண்டும்.

அக்குள் கணுக்கள் அகற்றப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். வெட்டுக்காயமும் சூட்டுக்காயமும் அந்தக் கையில் படாமல் பார்த்துக்கொள்வது நலம்; இறுக்கமான வளையல்களைக் கழற்றி மறுகையில் அணியலாம். கையைப் பயன்படுத்தாமல் மடக்கியே வைத்திருப்பதும் தவறு. மருத்துவமனையில் கற்றுத்தரும் பயிற்சியோடு, தலைவாருவதும் சுவரில் விரல்களை மெல்ல ஏற்றுவதும் தோள் இறுகாமல் காக்கும். கை திடீரென்று சிவந்து வீங்கினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முடி உதிர்வது பெண்களுக்குப் பெருந்துயர். நேர்த்திக்கடனுக்காக மொட்டையடித்த பெண்ணை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. மருந்தால் முடியிழந்தவளை மட்டும் பார்க்கிறார்கள். பூச்சூட முடியவில்லையே என்று அவள் கலங்குவதை அற்பம் என்று தள்ளுவோர், அவள் மங்கலப் பெண்ணாக மண்டபத்தில் நிற்பதற்கு அந்தப் பூ எவ்வளவு என்பதை அறியாதவர்கள். உதிர்ந்த முடி, கீமோ முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் வளரும். அதுவரை அணியப் பருத்தித் துணியில் தொப்பி தைத்துக் கொடுக்கலாம். மார்பகம் அகற்றப்பட்டவர்க்கு மென்மையான துணியில் பஞ்சு நிறைத்த மார்பு தைத்துக் கொடுப்பதும் தையல் தெரிந்த பெண்களுக்கு எளிய வேலைதான். இரவிக்கை தைக்கத் தெரிந்த கைகள் எல்லா ஆலயங்களிலும் இருக்கின்றன.

பேசக்கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். "எங்கள் பெரியம்மாவுக்கும் இதேதான், ஆறே மாதம்" என்று தொடங்கும் கதை எவர் வீட்டிலும் வேண்டா. முற்பிறவி வினை என்ற சொல் நோயாளியின் முன்னே வேண்டவே வேண்டா. வினையின் கணக்கை எழுதும் பொறுப்பை இறைவன் அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கவில்லை. மற்றொன்று, மறைபொருள் காத்தல். நோயாளியின் பெயரில் அர்ச்சனை செய்வோர் பெயரும் நட்சத்திரமும் சொன்னால் போதும். நோயின் பெயரைக் குருக்களிடம் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், ஆலயத்து வாட்ஸ்அப் குழுவில் "இவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று செய்தி அனுப்புவது, அவர் யாரிடம் மறைத்தாரோ அவர் கைக்கே செய்தியைக் கொண்டு சேர்த்துவிடும். நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் அவர் பிள்ளைகளிடம்கூடப் பேசலாகாது.

ஆடவர்க்கும் இத்தொண்டில் இடமுண்டு. கார் ஓட்டுவது மட்டுமன்று. நோயாளியின் கணவரோடு தேநீர்க் கடையில் அமர்ந்து பேசவும் ஒருவர் வேண்டும். மனைவிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் மௌனமாகிவிடும் கணவரின் மௌனத்தை, அவர் வெறுப்பென்று எடுத்துக்கொள்ளும் மனைவியர் உண்டு.

பணவுதவியைப் பொறுத்தவரையில், அரசு வழங்குபவற்றை அறியாமலே பலர் கடன் வாங்குகின்றனர். 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், தகுதியுடைய 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 ரிங்கிட் வரையிலும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையிலும் ஊக்கத்தொகை பெற வழியுண்டு. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் 2007 முதல் மேமோகிராம் பரிசோதனைக்கு உதவித்தொகை அளித்து வருகிறது. சொக்சோவில் சந்தா செலுத்தும் 40 வயதான பெண்களுக்கும் 2013-இல் ஒரு பரிசோதனைத் திட்டம் தொடங்கப்பெற்றது. வருமான வரம்பும் விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் பெண்ணொருவர் குழுவில் இருந்தால், அவர் முதலில் உரிய அலுவலகத்தில் கேட்டறிவது முறை.

பரிசோதனையைப் பற்றி இங்குள்ள தாய்மார்களுக்கு இரண்டு சொற்கள். மாதவிடாய் தொடங்கிய ஏழு முதல் பத்து நாள்களுக்குள் மாதமொருமுறை தம் மார்பைத் தாமே தடவிப் பார்த்துக்கொள்வதும், கட்டியோ, தோல் உள்வாங்கலோ, ஆரஞ்சுத் தோல்போன்ற தடிப்போ, காம்பிலிருந்து குருதி கலந்த நீரோ, அக்குளில் கட்டியோ தென்பட்டால் உடனே அரசு கிளினிக்குக்குச் செல்வதும் நல்லது. கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதை உறுதிப்படுத்த வேண்டியவர் மருத்துவரேயன்றி, பக்கத்து வீட்டு அக்கா அல்லர்.

எல்லாரும் பிழைத்துவிடுவதில்லை. தொண்டு செய்யும் பெண்கள் தாம் துணையாய் நின்ற சிலரை இழக்கவே நேரும். முன்பே இந்நோயைக் கடந்தவர் அத்தகைய மரணத்தைப் பார்க்கும்போது, தமக்கும் நோய் திரும்புமோ என்று இரவெல்லாம் கண்விழிப்பார். ஆகையால் இத்தொண்டில் ஒருவர் தனியாக நிற்கலாகாது. இருவர் இருவராகச் செல்வதும், மாதமொருமுறை தொண்டர்கள் மட்டும் கூடி மனம்விட்டுப் பேசுவதும் இன்றியமையாதவை. நோய் முற்றியவர்க்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வருகையை நிறுத்திவிடுவது தவறு. வலிதணிக்கும் மருத்துவம் தனியே உண்டு. அதனைக் கேட்டுப் பெற்றுத் தருவதும், அருகமர்ந்து கால் பிடித்துவிடுவதும், அவர் விரும்பினால் பாடுவதும், விரும்பாவிடில் சும்மா இருப்பதும் அக்காலத்துத் தொண்டு.

இந்நோயைக் கடந்த பெண்கள் இக்கூட்டத்திலேயே இருக்கக்கூடும். அவர்கள் இன்று கையுயர்த்த வேண்டியதில்லை. விருப்பமுள்ளவர் மகளிர் பகுதித் தலைவியிடம் தனியே சொன்னால் போதும். அவருடன் தமிழும் மலாயும் நன்கறிந்த ஒருவர், தையல் தெரிந்த ஒருவர், வாரநாளில் ஓய்வாயிருக்கும் கார் இரண்டு, சிகாமட்டிலிருந்தோ மெர்சிங்கிலிருந்தோ கதிர்வீச்சுக்கு வரும் பெண் ஞாயிறு இரவு முதல் வெள்ளி வரை தங்குவதற்கு ஜொகூர் பாருவில் ஒரு வீட்டின் அறை. தொடங்குவதற்கு இவ்வளவே வேண்டும். எந்த வீட்டுக்கு முதலில் செல்வதென்பது சமையற்கூடத்தில் இருப்பவர்களுக்கு முன்பே தெரியும்.